உறிஞ்சுவது யார், தள்ளுவது யார்? பிள்ளைகளோடு செய்யும் காற்றழுத்தச் சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் மொட்டைமாடியில் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பாட்டில், ஸ்ட்ரா, ஊசி கழற்றிய சிரிஞ்ச், பழைய செய்தித்தாள், இவ்வளவுதான் எங்கள் ஆய்வகம். காந்தம், கண்ணாடி, விதை முளைப்பது என்று எத்தனையோ செய்கிறோம். ஆனால் பெற்றோர்கள் மாடிப்படியில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது காற்றழுத்தத்தைப் பற்றித்தான். அவர்களும் அதை மனப்பாடம் செய்துதான் தாண்டி வந்திருப்பார்கள் போல. நானும் அப்படித்தான். அந்தக் கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், சில இடங்களில் முதலில் தப்பாகச் சொல்லி அப்புறம் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

நான்கைந்து வயதிலேயே தொடங்கலாம். ஆனால் 'அழுத்தம்' என்ற சொல் அப்போது வேண்டாம். ஒரு டம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கி அடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, வாளித் தண்ணீருக்குள் நேராக அமுக்கி வெளியே எடுங்கள். காகிதம் நனைந்திருக்காது. காலி என்று நினைத்த டம்ளருக்குள் ஏதோ இருந்து தண்ணீரை வரவிடாமல் பார்த்துக்கொண்டது என்பது பிடிபட்டால் அந்த வயதுக்குப் போதும். எட்டு வயதுக்கு மேல் தள்ளுதலைப் பற்றிப் பேசலாம், பத்துப் பதினொன்றில் கொஞ்சம் கணக்கும் போடலாம். எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடம் வரும்போது அது பழகிய முகமாக இருக்கும்.

முதல் சோதனையாக எதை வைக்கலாம்?

ஓட்டை பாட்டில். இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

கூல்டிரிங்க்ஸ் வரும் சற்றுக் கெட்டியான பாட்டிலாக எடுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் கை பட்டாலே அமுங்கித் தண்ணீரைத் துப்பிவிடும். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் குண்டூசியால் ஓர் ஓட்டை போடுங்கள். அதை விரலால் பொத்திக்கொண்டு விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, கழுத்தைப் பிடித்துத் தூக்குங்கள். விரலை எடுத்தாலும் தண்ணீர் வராது. மூடியைத் தளர்த்தினால் பீச்சும். மறுபடி இறுக்கினால் நின்றுவிடும்.

செய்து காட்டுவதற்கு முன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரையும் சொல்ல வையுங்கள். பந்தயம் கட்டியவன் ஆட்டத்தைப் பார்ப்பது வேறு, சும்மா வந்தவன் பார்ப்பது வேறு இல்லையா?

பிறகு கேளுங்கள்: தண்ணீரை யார் தடுத்தது? "மூடி பிடிச்சுக்குது" என்று பெரும்பாலும் பதில் வரும். மூடி மேலே இருக்கிறது, ஓட்டை கீழே இருக்கிறது, எப்படிப் பிடிக்கும்? இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கொஞ்ச நேரம் சண்டை போடட்டும். ஓட்டைக்கு வெளியே இருக்கும் காற்று உள்ளே பார்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூடி திறந்திருந்தால் அதே காற்று மேலேயிருந்தும் தள்ளுகிறது. இரண்டும் ஈடாகிவிடுவதால் தண்ணீரின் எடை மட்டும் மிஞ்சி, தண்ணீர் வெளியே வருகிறது. மூடியை இறுக்கிவிட்டால் மேலேயிருந்து தள்ளப் புதிதாக ஆள் வர வழியில்லை. வெளிக்காற்று ஒரு கையாலேயே தண்ணீரைத் தடுத்துவிடுகிறது. (ஓட்டை சின்னதாக இருப்பதும் முக்கியம். பெரிதாக இருந்தால் காற்று குமிழியாக உள்ளே புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.)

அடுத்த சுற்றில், அதே பாட்டிலில் மேலே இன்னொரு ஓட்டை. மூடி இறுக்கமாகவே இருக்கட்டும். இப்போது கீழ் ஓட்டையில் தண்ணீர் வரும், மேல் ஓட்டையில் குமிழி குமிழியாகக் காற்று உள்ளே போகும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் எதிலும் வராது. இந்த ஒரே மட்ட விஷயத்தில் பெரியவர்களும் தோற்பார்கள்.

எங்கள் ஊர் மளிகைக் கடை அண்ணாச்சி 15 கிலோ எண்ணெய் டின்னைத் திறக்கும்போது ஒரு மூலையில் ஓர் ஓட்டை, எதிர் மூலையில் ஓர் ஓட்டை போடுவார். ஒன்று எண்ணெய் போக, ஒன்று காற்று வர. சின்ன வயதில் நான் அதைச் சிந்தாமல் ஊற்றும் கைப்பழக்கம் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

காற்றுக்கு எடை உண்டு என்று காட்ட இரண்டு பலூன்களைக் குச்சியில் கட்டித் தொங்கவிடலாமா?

பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்றை உடைத்தால் மற்றது தாழும் என்பார்கள். ஒரு சிக்கல் இருக்கிறது. பலூனுக்குள் இருக்கும் காற்றையும் சுற்றியுள்ள காற்று தாங்கிப் பிடிக்கிறது, தண்ணீருக்குள் வாளி எடை குறைந்து தெரிவதுபோல. எனவே தராசில் தெரிவது, பலூன் ரப்பர் இறுக்கியதால் உள்ளே கூடுதலாக அடைபட்ட கொஞ்சம் காற்றின் எடை மட்டும்தான். அது மிகவும் குறைவு. உடைந்த பலூனின் துண்டு ஒன்று பறந்து போனால் முடிவே மாறிவிடும்.

அதற்குப் பதிலாகக் கால்பந்தை எடுங்கள். பந்து உருண்டையாக, ஆனால் மெத்தென்று இருக்கும்போது சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். சைக்கிள் பம்பால் கல்லுபோல் ஆகும் வரை காற்றடித்துவிட்டு மறுபடி பாருங்கள். பந்தின் அளவு ஏறக்குறைய மாறவில்லை, ஆனால் நான்கைந்து கிராம் கூடியிருக்கும். பம்பு அடித்த பிள்ளைக்கு அந்த நான்கு கிராம் தன் கையால் போட்டது என்று தெரியும்.

அப்புறம் ஒரு கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் ஏறக்குறைய 28 கன மீட்டர். ஆக அறைக்குள் 33 கிலோ காற்று. ஒரு அரிசிச் சிப்பத்தைவிட அதிகம்.

இவ்வளவு எடை மேலே இருந்தால் நாம் ஏன் நசுங்கவில்லை?

கடல் மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. ஒரு பிள்ளையின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து 100 சதுர சென்டிமீட்டர் என்றால், அதன்மேல் 100 கிலோ. பிள்ளைகள் உடனே கையை நீட்டிப் பார்ப்பார்கள். கை ஏன் கீழே போகவில்லை? கைக்குக் கீழேயும் அதே காற்று, அதே அளவு மேலே தள்ளுகிறது. காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை, எல்லாப் பக்கமும் தள்ளும். நம் உடலுக்குள் இருக்கும் திரவங்களும் நுரையீரலில் இருக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் உள்ளன. நசுங்க வேண்டுமானால் ஒரு பக்கம் குறைய வேண்டும்.

ஒரு பக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்று காட்ட, குளியலறைச் சுவரில் ஒட்டும் ரப்பர் கிண்ணக் கொக்கிகள் இரண்டை ஈரம் தொட்டு ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு பேரைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மேயராக இருந்த ஓட்டோ ஃபொன் கெரிக்கே 1650களில் இதையே பெரிதாகச் செய்தார். இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளிருந்த காற்றைப் பம்பால் எடுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தார். குதிரைகள் திணறின. குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும் கோளம் தானாகப் பிரிந்தது. இந்தக் கதையைக் கொக்கி இழுத்துக் கை வலித்த பிறகு சொல்ல வேண்டும். முன்னாலேயே சொன்னால் வெறும் கதை.

ஸ்ட்ராவில் நாம் உறிஞ்சித்தானே குடிக்கிறோம்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். காற்றழுத்தத்தில் 'உறிஞ்சுதல்', 'இழுத்தல்' என்று நாம் சொல்வதெல்லாம் இன்னொரு பக்கத்திலிருந்து வரும் தள்ளுதல்தான். நாம் வாயால் ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றைக் குறைக்கிறோம். டம்ளரில் இருக்கும் தண்ணீரின் மேல் வெளிக்காற்று எப்போதும்போல அழுத்துகிறது. அதுதான் தண்ணீரை ஸ்ட்ரா வழியே மேலே ஏற்றுகிறது. 'உறிஞ்சுகுழல்' என்று தமிழில் நாம் வைத்த பெயரே பிள்ளையைத் தவறான பக்கம் பார்க்க வைக்கிறது, என்ன செய்ய!

சொல்லி நம்ப வைக்க முடியாது. மூன்று விளையாட்டுகள் வைத்திருக்கிறேன்.

வாயில் இரண்டு ஸ்ட்ரா. ஒன்றின் நுனி தண்ணீரில், இன்னொன்றின் நுனி டம்ளருக்கு வெளியே. எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் வராது, வெளி ஸ்ட்ரா வழியாகக் காற்று வாய்க்குள் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, பாட்டிலில் முக்கால்வாசித் தண்ணீர், ஒரு ஸ்ட்ரா. பாட்டில் வாயைச் சுற்றிச் சப்பாத்தி மாவை அப்பி, துளிக் காற்றும் போகாமல் அடைத்துவிடுங்கள். முதலில் ஒரு மடக்கு வரும், பிறகு எவ்வளவு முயன்றாலும் நின்றுவிடும். தள்ளுவதற்கு வெளிக்காற்றுக்கு வழியில்லை. இளநீர்க்காரர் போட்ட ஓட்டையில் ஸ்ட்ரா இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் பாதியில் நிற்குமே, அதே கதை. இப்போது அந்தப் பாட்டிலுக்குள் ஸ்ட்ரா வழியாக ஊதச் சொல்லுங்கள். வாயை எடுத்ததும் தண்ணீர் முகத்தில் பீச்சும். இதற்காகவே மறுவாரமும் வருவார்கள்.

மூன்றாவதுக்கு உயரம் வேண்டும். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடிபோன்ற டியூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். புதிதாக வாங்கிக் கழுவுங்கள். கீழே ஒரு வாளி குடிநீர், மேலே மொட்டைமாடியில் பிள்ளை. (ஒரே நுனியில் எல்லோரும் வாய் வைக்க வேண்டாம், ஆளுக்கொரு ஸ்ட்ராத் துண்டு செருகிக்கொள்ளலாம்.) தண்ணீர் கொஞ்சம் ஏறி, பாதி வழியில் நின்றுவிடும். எவ்வளவு வலுவான ஆளாக இருந்தாலும், ஏன், உள்ளே துளிக் காற்றும் இல்லாமல் எடுத்துவிடும் இயந்திரமாக இருந்தாலும், 10.3 மீட்டருக்கு மேல் ஏறாது. வெளிக்காற்றின் தள்ளும் பலம் அவ்வளவுதான்.

பம்புகளால் சுமார் பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரை எடுக்க முடியவில்லை என்பதை 1638இல் கலிலியோ எழுதியிருக்கிறார். அவருக்குக் கடைசிக் காலத்தில் உதவியாக இருந்த டாரிசெல்லிதான் காரணத்தைப் பிடித்தார். தண்ணீருக்குப் பதில் அதைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை வைத்துப் பார்த்தபோது அது சுமார் 76 சென்டிமீட்டரிலேயே நின்றது. நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று 1644இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

நம் ஊர்க் கிணறுகளில் இது கண்முன்னால் இருக்கிறது. பழைய தோட்டத்துக் கிணறுகளில் மோட்டாரைக் கரையில் வைக்காமல், கிணற்றுக்குள்ளேயே திட்டு கட்டி இறக்கி வைத்திருப்பார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரும் இறங்கியது. கரையிலிருந்து எடுத்தால் நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே தண்ணீர் ஏறாமல் போகும். சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள் உட்கார்ந்து கீழேயிருந்து மேலே தள்ளுகிறது, அதனால் எத்தனை நூறு அடி ஆழமும் அதற்குப் பிரச்சினை இல்லை. விவசாய வீட்டுப் பிள்ளை இருந்தால் இந்த இடத்தில் அவர்தான் ஆசிரியர்.

தண்ணீர் நிரப்பி வாயை அட்டையால் மூடிய டம்ளரைக் கவிழ்த்தால் அட்டை ஏன் விழுவதில்லை? பாதி டம்ளர் தண்ணீருக்கும் அது நிற்கிறதே?

நல்ல கேள்வி, ஒரு ஆறாம் வகுப்புப் பெண் என்னைத் திணறடித்த கேள்வி. முழு டம்ளர் என்றால் சுலபம்: பத்து சென்டிமீட்டர் தண்ணீரைக் கீழேயிருந்து தள்ளுவது, பத்து மீட்டர் தண்ணீரைத் தாங்கக்கூடிய காற்று. பாதி டம்ளர் என்றால் உள்ளேயும் காற்று இருக்கிறது, அதுவும் கீழே தள்ளுமே? தள்ளும். ஆனால் கவிழ்த்ததும் அட்டை மயிரிழை அளவு தொய்கிறது. உள்காற்று அந்த அளவுக்கு விரிந்து அதன் அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் குறைவே தண்ணீரைத் தாங்கப் போதும். விளிம்பில் இருக்கும் தண்ணீரின் பரப்பு இழுவிசை (தண்ணீரின் மேற்பரப்பு மெல்லிய தோல்போல இறுகி நிற்பது) இடைவெளியை அடைத்து, காற்று நுழையாமல் பார்த்துக்கொள்கிறது.

டம்ளர் வாயில் கொசுவலைத் துண்டை ரப்பர் பேண்டால் கட்டி, அட்டையோடு கவிழ்த்து, அட்டையை மெதுவாக உருவிப் பாருங்கள். வலை மட்டும்தான் இருக்கும், தண்ணீர் விழாது. டம்ளரைச் சாய்த்தால் கொட்டும். வாளியின் மேலே வைத்துச் செய்யுங்கள், வீட்டில் பெரியவர்கள் கோபப்படக்கூடாதல்லவா.

மெழுகுவர்த்தி சோதனையில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் எரிந்துபோவதால் தண்ணீர் ஏறுகிறது என்பது சரிதானா?

சரியில்லை. ஆனால் பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் கண்ணைத் திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

தட்டில் நிறம் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். சுடர் எரியும்போது பெரிதாக ஏறாது. அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறும். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் எரியும்போதே சீராக ஏறியிருக்க வேண்டும். தவிர, எரிந்த ஆக்சிஜன் மாயமாகிவிடுவதில்லை, அதற்குப் பதில் கரியமில வாயுவும் நீராவியும் வருகின்றன. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் முழுதும் தீர்வதற்கு வெகு முன்னாலேயே மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறது.

ஒரு வர்த்திக்குப் பதில் மூன்று வையுங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லையே? கூடியது சூடு. டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரால் சூடான காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது, விளிம்பில் குமிழிகளாகக்கூடத் தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தட்டில் இருக்கும் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. நீராவி குளிர்ந்து தண்ணீராவதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

நெருப்பே இல்லாமலும் செய்யலாம். எவர்சில்வர் டம்ளரில் சுடுதண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்து, கொட்டிவிட்டு, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். ஆற ஆறத் தட்டின் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். எதுவும் எரியவில்லை, ஆனாலும் தண்ணீர் உள்ளே போகிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பிள்ளைகளையே தீர்ப்புச் சொல்ல விடுங்கள்.

கேன் நசுக்கும் சோதனையை வீட்டில் செய்யலாமா?

பெரியவர் செய்ய, பிள்ளைகள் இரண்டடி தள்ளி நின்று பார்க்கலாம். காலி அலுமினியக் கூல்டிரிங்க்ஸ் கேனில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, அடுப்பில் வைத்து, ஆவி நன்றாக வரும் வரை கொதிக்க விடுங்கள். இடுக்கியால் பிடித்து, ஒரே வீச்சில் தலைகீழாகக் குளிர்ந்த தண்ணீருக்குள் கவிழ்த்தால் 'படக்' என்று நசுங்கும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். கேனுக்குள் இருந்த காற்றை அது விரட்டிவிட்டது. ஆவி திடீரென்று தண்ணீரானதும் கேனுக்குள் தள்ள ஆள் இல்லை. மீதியை வெளிக்காற்று பார்த்துக்கொள்கிறது.

அடுப்பு வேண்டாம் என்றால், பிளாஸ்டிக் பாட்டிலில் குளிக்கும் வெந்நீரை ஊற்றிச் சுழற்றி, கொட்டிவிட்டு மூடியை இறுக்குங்கள். சில நிமிடத்தில் கன்னம் ஒட்டிப்போகும். கொதிநீர் ஊற்றாதீர்கள், பாட்டிலே சுருண்டுவிடும், அப்புறம் நசுக்கியது காற்றா சூடா என்று சொல்ல முடியாது.

இதே சோதனையை உங்கள் சமையலறை தினமும் செய்கிறது. சூடாகச் சாதம் வைத்து மூடிய எவர்சில்வர் டப்பா மதியம் திறக்க மறுக்கும். மூடியின் ஓரத்தில் ஸ்பூனை விட்டு நெம்பினால் 'டப்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். பள்ளியில் டிபன் பாக்ஸோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் உட்கார வைத்து வாக்குவம் கிளீனரால் காற்றை எடுக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. தயவுசெய்து வேண்டாம். மூச்சு முட்டும் ஆபத்து அது, விளையாட்டே இல்லை.

பாட்டிலுக்குள் அவித்த முட்டை போவது?

நன்றாக வேலை செய்யும், கண்ணாடிப் பாட்டிலின் வாய் முட்டையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால். அந்த மாதிரிப் பாட்டில் இப்போது கிடைப்பதுதான் கஷ்டம். முட்டை கூடாத வீடுகளில் தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் போதும். விளக்கம் மெழுகுவர்த்திக்குச் சொன்னதேதான்: பாட்டிலுக்குள் சூடான காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று முட்டையை உள்ளே தள்ளுகிறது.

காகிதத்தின் மேல் ஊதினால் அது எழும்புகிறதே, வேகமான காற்றில் அழுத்தம் குறைவு என்று சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. உதட்டுக்குக் கீழே காகித நாடாவைப் பிடித்து மேலே ஊதினால் எழும்புவது உண்மை. ஆனால் வாயிலிருந்து அறைக்குள் வரும் காற்று வேகமாக இருப்பதாலேயே அதன் அழுத்தம் அறைக்காற்றைவிடக் குறைந்துவிடாது. நாடாவை நேராகத் தொங்கவிட்டு ஒரு பக்கம் மட்டும் ஒட்டினாற்போல் கீழ்நோக்கி ஊதிப் பாருங்கள், ஊதும் பக்கம் சாய்ந்து வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வளைந்த காகிதத்தில் மட்டும், காற்றோட்டம் அதன் வளைவை ஒட்டியே திரும்புகிறது. திரும்பும்போதுதான் அழுத்த வித்தியாசம் உண்டாகிறது. விமான இறக்கையின் மேல் போகும் காற்று நீண்ட வழியைக் கடந்து கீழே போன காற்றோடு ஒரே நேரத்தில் சேர வேண்டும், அதனால் வேகம் என்று சொல்வதும் தவறு. உண்மையில் மேலே போன காற்று முன்னாலேயே போய்விடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகக் காட்டுங்கள், காரணத்தை ஒன்பது பத்தாம் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

பலூன் கட்டிய பாட்டிலால் பாரமானி (காற்றழுத்தம் அளக்கும் கருவி) செய்தோம். மழை வரும் என்று அது காட்டவே இல்லையே?

சென்னையிலோ மதுரையிலோ அது காட்டாது. பாட்டில் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே ஸ்ட்ரா முள் ஒட்டும் அந்தக் கருவி, நம் ஊரில் வெப்பமானியாகத்தான் வேலை செய்யும். அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானாலே, வெளி அழுத்தம் 3 மில்லிபாருக்கு (மில்லிபார் என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் மாறியதற்குச் சமம். இரவுக்கும் மதியத்துக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் என்றால் முள் எங்கேயோ போய்விடும். நம் அட்சரேகையில் சாதாரண நாளில் உண்மையான அழுத்தம் மாறுவது மூன்று நான்கு மில்லிபார்தான். காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் உச்சம், மாலையும் அதிகாலையும் நான்கு மணி வாக்கில் தாழ்வு, தினமும் கடிகாரம்போல.

போனில் அழுத்த உணரி இருந்தால் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, தரையில் ஓர் அளவு, மொட்டைமாடியில் ஓர் அளவு பாருங்கள். எட்டொன்பது மீட்டருக்கு ஒரு மில்லிபார் குறையும். நம் காலடிக்கும் மாடிக்கும் இடையே உள்ள காற்றின் எடையை அந்தப் போன் சொல்லிவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் செய்திகளில் வரும் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' எது என்று அப்போது கேட்பார்கள். சுற்றிலும் உள்ள காற்று குறைந்த அழுத்தமுள்ள இடத்தை நோக்கித் தள்ளப்படுகிறது, பூமி சுழல்வதால் சுழன்றுகொண்டே வருகிறது. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலமாகிறது, 62ஐ எட்டினால் புயலாகிப் பெயரும் கிடைக்கிறது.

சுற்றுலா போகும்போது ஏதாவது செய்யலாமா?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல ஆய்வகம் இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக உப்பிவரும். ஊட்டியில் காலித் தண்ணீர் பாட்டிலை இறுக்க மூடி, இறங்கும்போது பிள்ளையின் மடியில் வையுங்கள். குன்னூர் தாண்டும்போதே நெளிய ஆரம்பிக்கும். காது அடைப்பதும் அதுவேதான். புளிப்பு மிட்டாய் கொடுத்தால் எச்சில் விழுங்கும்போது திறந்துகொள்ளும். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிப்பதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும் என்பதையும் சமைப்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பிரான்சில் பாஸ்கல் இதையேதான் செய்தார், அவருக்காக அவர் அக்காள் கணவர் பெரியே செய்தார் என்பது சரி. 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயோடு பூய் த டோம் மலையேறினார். உச்சியில் பாதரசம் அடிவாரத்தைவிட சுமார் 8 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள், கருவி ஒன்றுமில்லை. என்ன செய்வது?

சிரிஞ்ச். மெடிக்கல் ஷாப்பில் புதிதாக 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். நுனியை விரலால் அடைத்துத் தள்ளினால் எதிர்த்துத் தள்ளும். இழுத்துவிட்டால் தானாகத் திரும்பும். "இழுத்தது யார்?" என்று கேட்டால் இதற்குள் வகுப்பே "வெளிக்காத்து தள்ளுது!" என்று கத்தும். பலூனின் நுனியைச் சுண்டைக்காய் அளவுக்கு முடிந்து உள்ளே போட்டால், இழுக்கும்போது உப்பும், தள்ளும்போது சுருங்கும். ஐந்து பேருக்கு ஒன்று என்றால் எட்டு சிரிஞ்ச் போதும்.

அரசுப் பள்ளி என்றால், 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு இந்த மாதிரி எளிய சோதனைகளைத்தான் கொண்டுவருகிறது. அதற்கு வரும் கருத்தாளரிடம் உங்கள் வகுப்புக்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். குப்பையில் கிடக்கும் பொருட்களிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் வீடியோக்களும் கைகொடுக்கும்.

பிள்ளை கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாவிட்டால்?

தெரியாது என்று சொல்லிவிட்டு ஒரு சோதனை யோசியுங்கள். ரப்பர் கொக்கி நாளன்று ஒரு பையன் கேட்டான்: "அப்ப பல்லியும் காத்து தள்ளித்தான் சுவத்துல ஒட்டியிருக்கா?" எனக்கு அப்போது தெரியவில்லை. தேடிப் படித்த பிறகு தெரிந்தது, இல்லை. காற்றை எடுத்துவிட்ட இடத்திலும் பல்லி ஒட்டும். அதன் விரல்களில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணிய இழைகள் சுவரோடு மிக நெருங்குவதால் மூலக்கூறுகளுக்கு இடையே உண்டாகும் ஈர்ப்பு அது. ஆக, இங்கே மட்டும் தள்ளுதல் இல்லை, உண்மையாகவே இழுத்தல். அடுத்த ஞாயிறு இதைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். பையன் பூதக்கண்ணாடியோடு வந்தான். பல்லிதான் அன்றைக்கு வரவில்லை.